முட்டைத் தட்டில் ஒரு கியர் பாக்ஸ்

நாமக்கல்லில் கியர் பாக்ஸ் இறக்குவது யாரும் நின்று பார்க்கிற காரியம் இல்லை. சேலம் ரோடு, பரமத்தி ரோடு, திருச்சி ரோடு என்று எந்தப் பக்கம் போனாலும் ஏதாவது ஒரு லாரிக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருக்கும். வெளிமாநிலத்திலிருந்து வெறும் சேஸிஸாக வரும் வண்டிகள் இங்கே பாடி கட்டிக்கொண்டு திரும்புகின்றன. சமையல் எரிவாயு ஏற்றும் டேங்கர் லாரிகளின் உரிமையாளர்கள் இந்த ஊரில் நிறையப் பேர். பக்கத்துத் திருச்செங்கோட்டின் போர்வெல் ரிக்குகள் நாடு முழுக்க மண்ணைத் துளைக்கின்றன. சங்ககிரியில் டீக்கடைப் பேச்சே லாரி வாடகைதான். 1997 ஜனவரி 1 அன்று நாமக்கல் சேலத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமாகச் செயல்படத் தொடங்கியது. டீசலும் கிரீசும் இந்த வட்டாரத்துக்கு அதற்கு முன்பே தனி முகம் கொடுத்திருந்தன.

அப்படிப்பட்ட பட்டறை ஒன்றின் பின்பக்கம் அலுமினியச் சட்டமும் கண்ணாடியும் வைத்துத் தடுத்த ஓர் அறை இருக்கிறது. வெளியே லாரி வேலை நடக்கிறது. உள்ளே மேசைமேல் ஒரு காரின் ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸ். கதவை ஒட்டிக் கிடக்கும் பழைய லாரி சீட்டில் உட்கார்ந்து பார்க்க எனக்கு அனுமதி உண்டு. பேசக் கூடாது என்பது மட்டும் நிபந்தனை. மேஸ்திரி எண்ணிக்கொண்டிருக்கும்போது யார் வாய் திறந்தாலும் அவருக்கு ஆகாது.

மேஸ்திரிக்கு வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். லாரிப் பட்டறையில் ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கும் பையனாகத் தொழிலுக்கு வந்தவர். லாரி கியர் பாக்ஸின் நோயைக் காதால் கண்டுபிடிப்பவர். காலி வண்டியிலும் லோடு வண்டியிலும் ஒரே மாதிரி ஊளையிட்டால் பேரிங், லோடு ஏற்றி மேடு ஏறும்போது மட்டும் ஊளையிட்டால் பல் என்று வெளியே நிற்கும் டிரைவர்களுக்குச் சொல்லி அனுப்புவதைக் கேட்டிருக்கிறேன். ஆட்டோமேட்டிக்கில் அந்தக் காது அவ்வளவாக உதவாது. சத்தம் வரும்போது காரியம் கெட்டுப் போயிருக்கும். இங்கே மூக்கும் கண்ணும்தான் முதல் சாட்சி.

காரின் சொந்தக்காரர் ராசிபுரம் பக்கத்துக் கோழிப் பண்ணைக்காரர். கோளாறு இதுதான்: முதல் மூன்று கியரிலும் வண்டி ஒழுங்காகப் போகிறது, ரிவர்சும் சரி. நான்காவதுக்கு மாறுகிற இடத்தில் என்ஜின் மட்டும் வீறிடுகிறது, வண்டி இழுக்கவில்லை. ஐந்திலும் ஆறிலும் அதே வழுக்கல். ஒரு சர்வீஸ் சென்டரில் பாக்ஸை முழுசாக மாற்றத்தான் வேண்டும், பிரித்துப் பார்க்கிற வழக்கமில்லை என்று சொல்லி, லட்சக்கணக்கில் ஒரு தொகையைத் தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.

மேஸ்திரி ஒரு போல்ட்டைக் கழற்றும் முன்பே பழுது எங்கே என்று சொல்லிவிட்டார். ஆரூடம் ஒன்றும் இல்லை. சுவரில் கட்டம் போட்ட தாள் ஒன்று ஒட்டியிருக்கிறது. மேலே வரிசையாகக் கியர்கள், பக்கவாட்டில் ஐந்து பிடிகள். இந்த ஆறு கியர் பாக்ஸுக்குள் இருப்பவை மூன்று கிளட்ச், இரண்டு பிரேக். இந்த ஐந்தில் எந்த இரண்டு சேர்ந்து பிடிக்கின்றன என்பதைப் பொறுத்தே கியர் அமைகிறது. நடுவே சூரியச் சக்கரம், அதைச் சுற்றிக் கோள் சக்கரங்கள், வெளியே வளையச் சக்கரம். ஒன்றை நிறுத்தி ஒன்றைச் சுழற்றினால் மூன்றாவது ஒரு வேகத்தில் வரும். நிறுத்துவதை மாற்றினால் வேகம் மாறும். லாரியில் போல ஸ்லீவை நகர்த்திப் பல்லில் கோக்கும் வேலையே கிடையாது. எல்லாப் பற்களும் எப்போதும் கடித்தபடியே இருக்க, பிடிகள் மட்டும் ஆள் மாறிக்கொள்கின்றன. குறைந்த சக்கரங்களைக் கொண்டு ஆறு கியர் எடுக்கும் இந்த அமைப்பு லெப்பெலெத்தியே என்ற பிரெஞ்சுப் பொறியாளருடையது. 1990களின் தொடக்கத்தில் காப்புரிமை பெற்றது.

தாளில் நான்கு, ஐந்து, ஆறு மூன்றுக்கும் பொதுவாக ஒரே ஒரு பிடிக்குத்தான் டிக் இருக்கிறது. ஒன்று, இரண்டு, மூன்று, ரிவர்ஸ் ஆகியவற்றில் அது சும்மா இருக்கும். மேஸ்திரி விரலை அந்தக் கட்டத்தில் வைத்துவிட்டு பையனைப் பார்த்தார். பையன் ஐ.டி.ஐ. முடித்துவிட்டு வந்து சேர்ந்தவன். தலையை ஆட்டினான். லட்சங்களில் எழுதிய அந்தத் தாளைவிட இந்தக் கட்டம் போட்ட தாளின்மேல் எனக்கு மரியாதை வந்தது.

முதலில் ஆயில். புதிதாக ஊற்றும்போது அது நல்ல சிவப்பு. சம்ப் போல்ட்டைத் தளர்த்தியதும் வழிந்தது டிகாஷன் நிறம். மேஸ்திரி இரண்டு விரலுக்கிடையில் தேய்த்து மூக்கருகில் கொண்டுபோனார். பையனிடமும் நீட்டினார். கருகல் வாடை எனக்கே எட்டியது. சம்பைக் கழற்றிக் கவிழ்த்தபோது உள்ளே ஒட்டியிருந்த காந்தத் துண்டுகளில் சாம்பல் நிறத்தில் மெழுகுபோன்ற பூச்சு. அதை நகத்தால் வழித்து வெளிச்சத்தில் பிரித்துப் பார்த்தார். மாவாக இருந்தால் தேய்மானம், சில்லாக இருந்தால் உடைப்பு. மாவுதான். பல் எதுவும் போகவில்லை என்று அவர் முகத்திலேயே தெரிந்தது.

அடுத்தது வால்வு பாடி. ஒரு கை அகல அலுமினிய வார்ப்பு. உள்ளே நெளிந்து நெளிந்து ஓடும் எண்ணெய் வாய்க்கால்கள், சின்னச் சின்ன வால்வுத் தண்டுகள், ஸ்பிரிங்குகள், மின்சாரத்தில் திறந்து மூடும் சோலினாய்டுகள். எந்தக் கிளட்சுக்கு எப்போது எவ்வளவு அழுத்தத்தில் ஆயில் போக வேண்டும் என்பதை நடத்துவது இதுதான். வால்வுக்கும் அது ஓடும் துளைக்கும் இடையிலான இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் நூறில் சில பங்கு. ஒரு நூல் இழை, ஒரு மணல் துகள் போதும், வால்வு நின்ற இடத்தில் நின்றுவிடும். லாரிப் பட்டறையில் கைக்குக் கை புரளும் வேஸ்ட் துணி இந்த அறைக்குள் நுழையக் கூடாது. நூல் உதிராத துணி, ஏர் கன், கழுவும் ஆயில், இவ்வளவுதான்.

பக்கத்துக் கூடத்தில் பாடி கட்டுகிறார்கள். கிரைண்டர் ஓடினால் இரும்புத் தூள் காற்றிலேயே வரும். அதனால் வால்வு பாடி பிரிக்கும் வேலை மட்டும் விடியற்காலையில், அந்தக் கிரைண்டர் தொடங்கும் முன்பு நடக்கிறது. தரையில் தண்ணீர் தெளித்துப் புழுதியை அடக்கியிருந்தார்கள். மின்விசிறியும் நிறுத்தப்பட்டிருந்தது.

அப்போது பையன் கொண்டுவந்து மேசையில் வைத்ததைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். பிளாஸ்டிக் முட்டைத் தட்டு. கோழிப் பண்ணையில் புழங்கும் அதே தட்டு, முப்பது குழி. நன்றாகக் கழுவி உலர்த்தியது. ஒவ்வொரு குழியின் ஓரத்திலும் மார்க்கரில் எண் எழுதியிருந்தது. அட்டைத் தட்டு உதவாது, தூசு உதிரும். இந்த ஊரில் முட்டைத் தட்டுக்குப் பஞ்சமே இல்லை. இதைத் தொழிலுக்குக் கருவியாக்கத் தோன்றியவர் யாரோ, அவருக்கு ஒரு கும்பிடு போடலாம்.

"சாமி, தட்டையாத் தூக்கு. சாய்ச்சீன்னா குண்டெல்லாம் ஓடிப்போயிரும்."

வால்வு பாடியின் இரண்டு பாதிகளுக்கும் நடுவே ஓட்டைகள் போட்ட தகடு ஒன்று இருக்கும். மேல்பாதியைத் தூக்கும்போது வாய்க்கால்களில் உட்கார்ந்திருக்கும் பால்ரஸ் குண்டுகள் விழுந்துவிட்டால் எது எந்தக் குழியைச் சேர்ந்தது என்று தெரியாது. இருவரும் மூச்சைப் பிடித்துத் தூக்கினார்கள். மேஸ்திரி முதலில் போனில் படம் எடுத்தார். பிறகு ஒவ்வொன்றாக இடுக்கியில் எடுத்தார். வால்வு ஒன்று, அதன் பின்னால் அதற்குரிய ஸ்பிரிங், இரண்டும் ஒரே குழியில், வந்த திசை மாறாமல். குழி நிறைய நிறைய அவர் முணுமுணுப்பாக எண்ணினார். ஒரு வால்வை மட்டும் துளைக்குள் விட்டு, பாடியைச் சாய்த்துப் பார்த்தார். அது தன் எடையிலேயே வழுக்கி இறங்க வேண்டும். பாதியில் நின்றது. வெளியே எடுத்துக் கழுவி மறுபடி விட்டார். இறங்கியது. மறுபடி எடுத்தார், மறுபடி விட்டார். நாலாவது தரமும் இறங்கிய பிறகே குழியில் வைத்தார்.

பிறகு அந்தக் குற்றவாளிக் கிளட்ச். டிரம்மின் வாயில் இருந்த வளையக் கிளிப்பைத் திருப்புளி நுனியால் நெம்பி எடுத்தார். உள்ளிருந்து தகடுகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன: ஒரு இரும்புத் தகடு, ஒரு உராய்வுத் தகடு, ஒரு இரும்பு, ஒரு உராய்வு. உராய்வுத் தகட்டின் மேல்பூச்சு காகித நார் வகை. புதிதில் வெளிறிய மரநிறத்தில் இருக்கும். இவை கரி. கட்டைவிரல் நகத்தால் சுரண்டியபோது பூச்சு பொறுக்காக உதிர்ந்து, அடியில் இரும்பு பளிச்சிட்டது. இரும்புத் தகடுகளில் அங்கங்கே நீலம் பாய்ந்த திட்டுகள். அவ்வளவு சூடு ஏறியிருக்கிறது.

சாதாரண மெக்கானிக்காக இருந்தால் இங்கேயே நின்று, புதுத் தகடு போட்டு மூடிவிடுவார். மேஸ்திரி நிற்கவில்லை. தகடு கருகியது விளைவு, காரணம் வேறு. டிரம்மின் அடியில் தகடுகளை அழுத்தும் பிஸ்டனை வெளியே எடுத்து, அதன் விளிம்பு ரப்பரை மடித்துப் பார்த்தார். வளையாமல் கீறல் விட்டது. ரப்பர் கெட்டிப்பட்டுப் போயிருக்கிறது. ஆயில் அழுத்தம் அங்கே கசிந்திருக்கிறது. அழுத்தம் குறைந்த பிஸ்டன் தகடுகளை அரைகுறையாகப் பிடித்திருக்கிறது. அரைப்பிடியில் வழுக்கி, வழுக்கிய சூட்டில் கருகியிருக்கிறது. ரப்பரைப் பையனின் கையில் வைத்தார். அவனும் மடித்துப் பார்த்தான். பாடம் முடிந்தது.

ரப்பர் கெட்டியானது எதனால் என்ற கேள்விக்குப் பதில் மத்தியானம் டிரைவர் வந்தபோது கிடைத்தது. பண்ணைக்காரர் குடும்பம் கொல்லிமலை அறப்பளீஸ்வரர் கோயிலுக்கு அடிக்கடி போகுமாம். காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவு. வண்டி நிறைய ஆள், மேலே கேரியரில் சாமான். மெதுவாக ஏறும்போது என்ஜினுக்கும் கியர் பாக்ஸுக்கும் நடுவில் இருக்கும் டார்க் கன்வெர்ட்டர் முழுக்க முழுக்க ஆயிலாலேயே விசையைக் கடத்துகிறது. ஒரு விசிறி ஆயிலை வீச, எதிர் விசிறி அதை வாங்கிச் சுழல்கிறது. நடுவே நிற்கும் ஸ்டேட்டர் திரும்பி வரும் ஆயிலின் திசையை மாற்றி விசையைப் பெருக்கித் தருகிறது. ஜெர்மானியர் ஹெர்மன் ஃபோட்டிங்கர் 1905இல் காப்புரிமை பெற்றது கப்பலின் டர்பைனுக்காகத்தான். கார்களுக்கு அது பிற்பாடு வந்தது. பெருவாரியாக விற்ற முதல் முழு ஆட்டோமேட்டிக் பாக்ஸ் என்று சொல்லப்படும் ஹைட்ராமேட்டிக்கை ஜெனரல் மோட்டார்ஸ் 1939இல் அறிமுகப்படுத்தியது. சமதளத்தில் வேகமாக ஓடும்போது கன்வெர்ட்டருக்குள் இருக்கும் பூட்டு விழுந்து வழுக்கல் நின்றுவிடும். மலையில் அந்தப் பூட்டு பெரும்பாலும் விழாது. வழுக்கல் எல்லாம் சூடாக மாறி ஆயிலில் இறங்கும். பத்து டிகிரி கூடினால் ஆயிலின் ஆயுள் பாதியாகக் குறையும் என்பது பொறியாளர்களிடம் புழங்கும் ஒரு தோராயக் கணக்கு. இந்த வண்டிக்கு வாங்கியதிலிருந்து ஆயில் மாற்றவே இல்லை. ஆயுள் முழுக்க மாற்ற வேண்டாம் என்று யாரோ சொன்னதை அவர்கள் நம்பியிருக்கிறார்கள். நம் ஊர் வெயிலுக்கும் மலைக்கும் அந்தப் பேச்சு பொருந்தவே பொருந்தாது.

கன்வெர்ட்டர் தனியாக லேத்துக்குப் போயிற்று. லாரி பிரேக் டிரம் கடையும் அதே லேத். வெல்டிங் தையலை வெட்டி இரண்டாகப் பிரித்து, உள்ளே சுத்தம் செய்து, பூட்டுக் கிளட்சின் பூச்சை மாற்றி, மறுபடி பற்ற வைத்து, டயல் கேஜில் ஆட்டம் பார்த்தார்கள். பேலன்ஸ் பார்க்க அது கோவை போய் வந்தது.

தகடுகள், ரப்பர்கள், சீல்கள் அடங்கிய கிட் டெல்லி காஷ்மீரி கேட் சந்தையிலிருந்து கூரியரில் வர வேண்டும். வரும்வரை மேசை துணி போர்த்திக் கிடந்தது. இந்தக் காத்திருப்பு எனக்குக் கோபத்தைத்தான் தருகிறது. உதிரி பாகத்தையும் பழுதறியும் கருவியையும் வெளி மெக்கானிக்குகளுக்கு எட்டாமல் வைத்ததற்காக 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்குச் சேர்த்து ரூ.2,544 கோடிக்கு மேல் அபராதம் விதித்தது. நிறுவனங்கள் மேல்முறையீடு செய்தன. 2022 டிசம்பரில் மத்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை பழுதுபார்க்கும் உரிமைக்கென ஓர் இணையதளமே தொடங்கியது. அதில் சேர்த்த நான்கு துறைகளில் மோட்டார் வாகனமும் ஒன்று. இருந்தும் நாமக்கல்லில் ஒரு ரப்பர் வளையம் டெல்லியிலிருந்து வரும்வரை ஒரு கார் தூங்குகிறது. பிரிக்கத் தெரிந்த கையும் இருக்கிறது, பிரிக்கச் சம்மதிக்கும் சொந்தக்காரரும் இருக்கிறார். இவர்களுக்குப் புத்தகத்தையும் பாகத்தையும் கொடுப்பதில் எந்த நிறுவனத்துக்கும் குறைந்துபோக ஒன்றுமில்லை. ஒரு ரப்பருக்காக ஒரு முழு பாக்ஸைக் குப்பையில் எறிவது நம் காசுக்கும் கேடு, மண்ணுக்கும் கேடு.

கிட் வந்தது. புதிய உராய்வுத் தகடுகளை உடனே மாட்டவில்லை. புது ஆயில் ஊற்றிய எவர்சில்வர் பாத்திரத்தில் ஊறப் போட்டார்கள். காய்ந்த தகட்டை மாட்டினால் முதல் பிடியிலேயே கருகும். ஊறுகிற நேரத்தில் பையன் பிஸ்டன் ரப்பரைப் பொருத்தினான். விளிம்பு உட்புறம் மடங்கிவிடாமல் சுற்றிச் சுற்றி நகத்தால் தடவிக்கொண்டே இறக்கினான். மேஸ்திரி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். உதவிக்குப் போகவில்லை. அவனே இறக்கி முடித்தபோது, "உம்" என்றார்.

தகடுகளை அடுக்கிக் கிளிப் போட்டு, ஃபீலர் கேஜ் நுழைத்து இடைவெளி பார்த்தார். அதிகமாக இருந்தது. கனம் கூடிய கிளிப் ஒன்றை மாற்றிப் போட்டார். பிறகு ஏர் கன்னை ஆயில் துளையில் வைத்து, காற்றை நிதானமாக விட்டார். டிரம்முக்குள் "தொப்" என்று ஒரு சத்தம். பிஸ்டன் எழுந்து தகடுகளைப் பிடித்த சத்தம் அது. காற்றை நிறுத்தினார், விட்டது. மறுபடி "தொப்". அறையில் முதல் தடவையாக மேஸ்திரி சிரித்தார். லாரியில் பழகிய காதுக்கும் கடைசியில் வேலை வந்துவிட்டது.

வால்வு பாடி மறுபடி ஒரு விடியற்காலையில். தட்டின் குழிகள் கடைசியிலிருந்து முதலை நோக்கி ஒவ்வொன்றாகக் காலியாயின. குண்டுகளைக் குழியில் நிறுத்த வாசலின் தடவினார்கள். கிரீஸ் தடவினால் ஆயிலில் கரையாமல் திரண்டு வாய்க்காலை அடைக்கும். வாசலின் சூட்டில் ஆயிலோடு கலந்துவிடும். போல்ட்டுகளுக்கு இறுக்கம் எவ்வளவு என்பதும் சுவரில் தமிழில் எழுதியிருக்கிறது: 10 நியூட்டன் மீட்டர். இன்ஜினியரிங் படிக்கும் மேஸ்திரியின் மகள், அச்செடுத்த ஆங்கிலக் கையேட்டிலிருந்து பெயர்த்து எழுதிய எழுத்து. கண்ணாடிக்கு வெளியே ஒருவர் லாரிச் சக்கர நட்டுக்கு ஸ்பேனரில் குழாய் மாட்டி, அதன்மேல் ஏறி நின்று இறுக்குகிறார். உள்ளே அதே தொழிலில் வளர்ந்த கை டார்க் ரெஞ்சைப் பிடித்து, "டக்" என்றதும் விரலை எடுத்துவிடுகிறது. நடு போல்ட்டிலிருந்து ஓரம் நோக்கி, சுற்றுச் சுற்றாக. கூடுதலாக ஒரு திருகு திருகினால் வார்ப்பு நெளிந்து வால்வு மறுபடி மாட்டிக்கொள்ளும்.

கடைசியாகக் கன்வெர்ட்டர். ஷாஃப்ட்டில் ஏற்றி, உள்ளே தள்ளியபடியே திருப்பினார். ஒரு முறை உள்ளே இறங்கியது. பையன் போல்ட்டை எடுக்கப் போனான்.

"இரு கண்ணு. இன்னும் ரெண்டு படி இருக்குது."

திருப்பினார். இன்னொரு இறக்கம். மறுபடி திருப்பினார், மூன்றாவது. அப்போதுதான் அது பம்பின் காதில் போய் உட்கார்கிறது. உட்காராமல் என்ஜினோடு சேர்த்து இறுக்கியவர்கள் பம்பையே உடைத்திருக்கிறார்கள். ஸ்கேலை வைத்து ஆழத்தை அளந்த பின்பே வண்டிக்கடியில் கொண்டுபோனார்கள்.

சோதனை ஓட்டத்துக்குப் பண்ணைக்காரரும் வந்தார். புதுச்சத்திரம் தாண்டி ஆண்டகளூர் கேட் வரை போய்த் திரும்புவதாகத் திட்டம். வண்டியை டிரைவர் ஓட்டினார். நான் பின்சீட்டில். மேஸ்திரி மடியில் ஸ்கேனர். கண் ரோட்டைப் பார்க்கவே இல்லை. மூன்றாவது. ஸ்கேனரில் என்ஜின் சுற்று ஏறிக்கொண்டே போனது. பண்ணைக்காரர் கைப்பிடியை இறுக்கினார். சுற்று சட்டென்று இறங்கியது, வண்டி ஒரே சீராக முன்னே போயிற்று. நான்காவது. பிறகு ஐந்து, ஆறு. ஆயில் சூடு 85 டிகிரி சுற்றி நின்றது. பண்ணைக்காரருக்கு யாரோ போன் செய்து மறுநாள் முட்டை விலை சொன்னார்கள். அவர் காதில் அது விழுந்ததாகத் தெரியவில்லை.

பட்டறைக்குத் திரும்பி, ஆயில் சூடு இறங்கிய பிறகு, என்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே அடியில் இருந்த பிளக்கைத் திறந்து, வழிகிற அளவுக்கு ஆயில் மட்டம் வைத்தார்கள். மேஸ்திரி கைகழுவிவிட்டு பில் எழுதினார். கூலி தனி, சாமான் தனி. கருகிய தகடுகளையும் கெட்டியான ரப்பரையும் ஒரு பையில் போட்டு பண்ணைக்காரரிடம் நீட்டினார்.

"இது எனக்கு எதுக்குங்க மேஸ்திரி?"

"உங்க வண்டிச் சாமானுங்க. என்ன மாத்துனேன்னு நீங்க பாக்கோணுமல்ல."

பிறகு டிரைவரை அழைத்தார். "தம்பி, மலை எறங்கும்போது டி-யிலயே உட்டுட்டு பிரேக்க மட்டும் மிதிச்சுட்டு வரக் கூடாது. கைல மாத்தி ரெண்டுல போட்டு எறக்கோணும். ஏறும்போதும் அப்படித்தான், அதுவா மாறட்டும்னு உடாதீங்க. ஆயிரம் கிலோமீட்டர் ஓடுனதும் ஒருக்கா கொண்டாங்க, சம்ப்பக் கழட்டிக் காந்தத்தைப் பாக்கோணும். அப்புறம் நாப்பதாயிரத்துக்கு ஒருக்கா ஆயில் மாத்திப் போடுங்க. யாரு வேண்டாம்னு சொன்னாலும் மாத்துங்க."

டிரைவர் போனில் அதைக் குறித்துக்கொண்டார். பையன் உள்ளே முட்டைத் தட்டைக் கழுவப் போட்டுவிட்டு வந்து, வாசலில் நின்ற அடுத்த வண்டியின் பானெட்டைத் திறந்தான்.